பம்ப் ஓடுகிறது, தண்ணீர் ஓடவில்லை

வடபழனியில் ஒரு சின்ன விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ. ராத்திரி ரெண்டருக்கு, அதாவது காட்சியின் படங்களைக் கணினியே வரைந்து முடிக்கும் வேலைக்கு, போட்டுவிட்டுப் போனால் காலை டீக்கு முன் முடிந்திருக்க வேண்டிய ஷாட், மதியச் சாப்பாடு வரை இழுக்கிறது. புகார் இவ்வளவுதான். தண்ணீரால் குளிர்விக்கும் கணினி அது. அணையவில்லை, எச்சரிக்கை எதுவும் வரவில்லை, நீலத் திரை இல்லை. வேலை மட்டும் மெதுவாகிவிட்டது.

ரெண்டர் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு 83 டிகிரியில் நின்றது, சிபியு 90-இல் நின்றது. இரண்டு எண்களும் தற்செயல் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு, கடையிலிருந்து வந்த அமைப்பிலேயே விட்டால், 83 டிகிரி வந்ததும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிபியுவான ரைசன் 9 5950எக்ஸுக்கு அதன் தயாரிப்பாளர் ஏஎம்டி வைத்திருக்கும் உச்சம் 90. ஆக, இரண்டு சிப்புகளும் சூடு தாங்காமல் தங்களைத் தாங்களே அடக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. கட்டிய புதிதில் இதே வேலைக்குக் கார்டு 55-ஐத் தாண்டியதில்லை என்று ஸ்டுடியோவை நடத்தும் தம்பி சொன்னார். அப்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் வைத்திருந்தார். நல்ல பழக்கம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய எண் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் சுற்றிவரும் பாதைதான் லூப். அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியும் பம்ப்பும் ஒன்றாகச் சேர்ந்த யூனிட். பம்ப் டி5 வகை. அதிலிருந்து கிளம்பும் கூலன்ட் முதலில் ஜிபியு பிளாக் (கிராஃபிக்ஸ் கார்டின் சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் உலோகக் கட்டி), அடுத்து சிபியு பிளாக், பிறகு மேலே ஒன்றும் முன்னால் ஒன்றுமாக இரண்டு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர்கள், திரும்பவும் தொட்டி. எல்லாம் ஒரே வரிசை, கிளை எங்கும் இல்லை. டியூப் வெளிவிட்டம் 16, உள்விட்டம் 10 மில்லிமீட்டர், கண்ணாடி மாதிரித் தெரியும் பிவிசி. உள்ளே பால்வெள்ளை பாஸ்டல் கூலன்ட். படத் தயாரிப்பாளர்கள் வந்து உட்காரும் அறை. கண்ணாடிக் கதவு வழியே வெள்ளைத் தண்ணீர் ஓடுவது பார்க்க நன்றாக இருக்கும் என்று கட்டிக்கொடுத்த கடையில் சொல்லியிருக்கிறார்கள். வெப்ப உணரி ஒன்றே ஒன்று, ரேடியேட்டர்களைத் தாண்டித் தொட்டிக்குள் நுழையும் இடத்தில். ஓட்டம் அளக்கும் மீட்டர் கிடையாது.

நான் போவதற்கு முன்பே இரண்டு தீர்ப்புகள் வந்திருந்தன. ஒருவர், தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று சிபியுவுக்குப் புதுப் பேஸ்ட் வைத்துவிட்டுப் போயிருந்தார். மாற்றம் எதுவும் இல்லை. இன்னொருவர் பம்ப் போய்விட்டது என்றார். புதுப் பம்ப் ஆர்டர் போட்டாகிவிட்டது.

33 டிகிரி சொன்ன பொய்

பேஸ்ட்தான் காரணம் என்று சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்த எண் அப்படி. அறையில் ஏசி ஓடி 27 டிகிரி. தண்ணீர் உணரி காட்டியது 33. "அண்ணா, தண்ணி ஜில்லுனுதானே இருக்கு? அப்போ சூடு தண்ணிக்கே வந்து சேரலைனுதானே அர்த்தம்?" என்றார் தம்பி. பாடப்புத்தகப்படி சரியான கேள்வி. தண்ணீர் குளிர்ச்சியாகவும் சிப் கொதித்துக்கொண்டும் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள பேஸ்ட்டையோ பிளாக் சரியாக உட்காராததையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தர்க்கம் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: லூப் முழுக்கத் தண்ணீரின் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று. ஓட்டம் நன்றாக இருக்கும்போது அது உண்மை. ஓட்டம் செத்துப்போனால் உண்மை இல்லை. மெதுவாக நகரும் தண்ணீர் பிளாக்குக்குள் நெடுநேரம் நின்று கொதிக்கும். ரேடியேட்டருக்குள்ளும் நெடுநேரம் நின்று நன்றாக ஆறிவிடும். ஆறிய பிறகு உள்ள சூட்டை மட்டும் அளக்கும் உணரி "எல்லாம் சுகம்" என்றுதான் சொல்லும். ஓட்டம் எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்ல எண்ணைக் காட்டும்.

கையை வைத்துப் பார்த்தாலே தெரிந்தது. பம்ப்பிலிருந்து கார்டுக்குப் போகும் டியூப் சாதாரணமாக இருந்தது. சிபியுவிலிருந்து மேல் ரேடியேட்டருக்குப் போகும் டியூபைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொதிநீர்ப் பட்டது போல டியூபும் கொஞ்சம் குழைந்திருந்தது.

கை சொன்னதை எண்ணாக்க மல்டிமீட்டரோடு வரும், சூடு அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி போதும். பித்தளை ஃபிட்டிங்கின் மேல் கம்பி நுனியை அழுத்தி ஒட்டி, மேலே ஃபோம் நாடா சுற்றிவிட்டால் தண்ணீரின் சூட்டுக்கு மிக அருகில் அளந்துவிடலாம். ரெண்டர் ஓடி எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபின் எடுத்தது: கார்டுக்குள் நுழையும் இடத்தில் 33, கார்டைத் தாண்டி 49, சிபியுவைத் தாண்டி 55.

இந்த மூன்று எண்களே ஓட்ட மீட்டர். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4186 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் 70 வாட் சூட்டைத் தண்ணீர் சுமந்து போகிறது என்று பொருள். மென்பொருள் காட்டிய மின்செலவு கார்டுக்கு 330 வாட், சிபியுவுக்கு 130 வாட், மொத்தம் 460. தண்ணீரின் ஏற்றம் 55-இல் 33 போக 22 டிகிரி. 460-ஐ 22-ஆலும் 70-ஆலும் வகுத்தால் நிமிடத்துக்கு 0.3 லிட்டர். மணிக்கு 18 லிட்டர். கூலன்ட்டில் கிளைக்கால் (glycol) என்ற திரவம் கலந்திருந்தால் வெப்பக் கொள்ளளவு சுத்தத் தண்ணீரைவிடக் கொஞ்சம் குறையும், அதனால் விடை சில சதவீதம் தள்ளி இருக்கலாம். அதைப் பற்றி இங்கே கவலைப்படத் தேவையே இல்லை. இதே மாதிரி லூப்பில் மணிக்கு 150 முதல் 250 லிட்டர் வரை ஓடுவதுதான் சாதாரணம். நாம் பேசுவது அதில் பத்தில் ஒரு பங்கு.

கணக்கு சரிதானா என்று சோதிக்க நடுவில் இருக்கும் 49 உதவியது. கார்டு தனியே கொடுக்கும் ஏற்றம் 16, சிபியு தனியே கொடுப்பது 6. 330-க்கும் 130-க்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய இதேதான். அப்படியென்றால் அளவை நம்பலாம்.

சாதாரண ஓட்டத்தில் இந்த மொத்த ஏற்றம் இரண்டு, மூன்று டிகிரிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் பலரும் ஒரே உணரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதை வைத்தே ஆக வேண்டும் என்றால் ரேடியேட்டருக்கு முன்னால், சூடான பக்கத்தில் வையுங்கள் என்பேன். அங்கே வைத்திருந்தால் முதல் நாளிலிருந்தே 40, 45, 50 என்று ஏறுவது தெரிந்திருக்கும்.

பம்ப்பின் மேல் பழி

மதர்போர்டு காட்டிய பம்ப் வேகம் நிமிடத்துக்கு 4,700 சுற்று. டி5-இன் முழு வேகம் 4,800 அளவில் இருக்கும். எனவே மோட்டார் சுற்றுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆர்பிஎம் மோட்டாரின் கணக்கு, தண்ணீரின் கணக்கு இல்லை.

லைங் நிறுவனம் வடிவமைத்து, இன்று சைலம் பெயரில் வரும் இந்தப் பம்ப்புக்கு இரண்டு எண்களைப் பெருமையாகப் போடுவார்கள்: மணிக்கு 1,500 லிட்டர், தூக்கும் உயரம் ஏறக்குறைய 4 மீட்டர். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. தடையே இல்லாமல் திறந்துவிட்டால்தான் 1,500 லிட்டர். வாயை முழுக்க அடைத்துவிட்டால்தான் 4 மீட்டர் அழுத்தம், அப்போது ஓட்டம் பூஜ்யம். உங்கள் லூப் எந்த அளவுக்குத் தடை போடுகிறதோ அதற்கேற்ப நடுவில் எங்கோ நிற்கும். இது மைய விலக்கு வகைப் பம்ப் என்பதால், வெளியே அடைத்துக்கொண்டாலும் மோட்டார் திணறாது, சூடாகாது, சத்தம் போடாது. சொல்லப்போனால் தள்ள வேண்டிய தண்ணீர் குறைவதால் அதன் சுமை குறையும், வேகம் குறையாது. கிணற்று மோட்டாரின் வால்வை மூடிவிட்டு ஆம்பியர் மீட்டரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அதையேதான் இங்கும் பார்த்தேன். பம்ப்பின் 12 வோல்ட் கம்பியில் டிசி கிளாம்ப் மீட்டர் மாட்டியபோது 1.1 ஆம்பியர். முழு வேகத்தில் ஓடும் டி5-க்கு இது குறைவு. பம்ப்புக்குப் பின்னால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்பதற்கு இது நல்ல அறிகுறி. ஆனாலும் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் உடைந்து சும்மா சுற்றினாலும் இதே எண் வரலாம் என்பதால் இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதவில்லை.

இடையில் ஒரு யோசனை வந்தது. கேஸ் உயரமாக இருக்கிறது, பம்ப் அடியில் இருக்கிறது, மேல் ரேடியேட்டர் வரை தூக்க முடியாமல் திணறுகிறதோ என்று ஸ்டுடியோவில் ஒருவர் கேட்டார். நிறைய பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. முதன்முதலில் நிரப்பும்போது மட்டும்தான் உயரம் கணக்கு. லூப் முழுக்க நிரம்பிவிட்டால் ஏறும் பக்கத்துத் தண்ணீரின் எடையை இறங்கும் பக்கத்துத் தண்ணீரின் எடை சமன்செய்துவிடும். பம்ப் அதன்பின் உரசலோடு மட்டும்தான் போராடுகிறது. மாடியில் வைத்தாலும் தரையில் வைத்தாலும் ஒன்றுதான்.

டியூப் மடிந்திருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. காற்று அடைத்திருந்தால் பம்ப் களகளவென்று சத்தம் போடும், கேஸைச் சாய்த்தால் தொட்டியில் குமிழ் வரும், இரண்டும் இல்லை. பால்வெள்ளைக் கூலன்ட்டின் பெரிய குறை இங்கேதான் தெரிகிறது. கண்ணாடி மாதிரி டியூப் போட்டிருந்தும் உள்ளே தண்ணீர் நகர்கிறதா நிற்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. தெளிந்த கூலன்ட்டாக இருந்தால் தொட்டிக்குத் திரும்பி வரும் வாயில் ஒரு சுழிப்பு தெரியும். இதில் வெள்ளைச் சுவர்தான்.

கார்டு கத்தியது, அடைப்பு வேறிடம்

புகார் கார்டிலிருந்து வந்ததால் கார்டின் பிளாக்கைத்தான் கழற்ற வேண்டும் என்று தம்பி சொன்னார். இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரே வரிசையில் கோத்த லூப்பில் எங்கே அடைத்தாலும் ஓட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவுக்குத்தான் குறையும். முதலில் யார் கத்துவார் என்பது யாருக்கு அதிக வாட் என்பதைப் பொறுத்தது. அடைப்பு எங்கே என்பதை அது சொல்லாது. கார்டுக்கு 330 வாட், அதனால் அது கத்தியது. அவ்வளவே.

என் சந்தேகம் சிபியு பிளாக்கின் மேல். காரணம் அதன் உள்ளமைப்பு. தாமிரத் தட்டில் செதுக்கிய துடுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டரை எட்டாது. அதற்கு மேல் ஒரு மெல்லிய தகடு, நடுவில் ஒரு கோடு போலப் பிளவு. வரும் தண்ணீர் முழுதும் அந்தப் பிளவில் பீய்ச்சித் துடுப்புகளின் மேல் விழ வேண்டும். லூப் முழுக்க இதைவிடக் குறுகிய வாசல் கிடையாது. வேறு வார்த்தையில், யாரும் கேட்காமலேயே அது வடிகட்டி வேலையும் செய்கிறது. ரேடியேட்டருக்குள் பல தட்டைக் குழாய்கள் பக்கம் பக்கமாக ஓடுவதால் அங்கே ஓட்டம் பிரிந்துகொள்ளும், அடைப்பு வருவது அரிது.

சந்தேகம் போதாது, அளக்க வேண்டும். லூப்பை வடித்தோம். வடித்த கூலன்ட்டைப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்ததும் அடியில் வண்டல் படிந்தது. மேலே இருந்தது சாம்பல் கலந்த வெள்ளை. பவர் சப்ளையின் 24 பின் இணைப்பை மதர்போர்டிலிருந்து பிடுங்கி, பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்துவிட்டால் சப்ளை தனியே ஓடும். பம்ப்பைத் தவிர மற்ற எல்லா இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். மதர்போர்டுக்கோ கார்டுக்கோ மின்சாரம் போகாத நிலையில் தண்ணீர் சிந்தினாலும் துடைத்துக் காயவைத்தால் போதும். ஒரு வாளி டிஸ்டில்டு வாட்டர், சமையலறையிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குவளை, போனில் ஸ்டாப்வாட்ச். உபகரணம் அவ்வளவுதான்.

பம்ப்போடு ஒரு துண்டு டியூப் மட்டும் மாட்டி ஓட்டியதில் ஐந்து நொடிக்குள் குவளை நிரம்பியது. பம்ப் மேல் இருந்த பழி அங்கேயே தீர்ந்தது. இரண்டு ரேடியேட்டரையும் சேர்த்தபோது ஒன்றிரண்டு நொடி கூடியது. கார்டு பிளாக்கை மட்டும் மாட்டினால் பத்து நொடியை ஒட்டி. சிபியு பிளாக்கை மட்டும் மாட்டியபோது நூல் மாதிரி ஒழுகியது. ஒரு லிட்டர் நிரம்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. நிமிடத்துக்கு 0.3 லிட்டர் என்று தெர்மோகப்பிள் சொன்னதோடு இது அப்படியே பொருந்துகிறது. லூப்பின் தடை கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரு பிளாக்கில்தான்.

வாய்களை மாற்றி, வெளியேறும் வாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்தினால் ஓட்டம் உடனே கூடியது, கூடவே வெள்ளைத் துணுக்குகள் வந்து விழுந்தன. பிளவின் வாசலில் வந்து ஒட்டிக்கொண்டவை எதிர்த்திசையில் தள்ளினால் பெயர்ந்துவிடும். சிலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பெயர்ந்தது பாதி, மீதி உள்ளேயே இருக்கும் என்பதால் நான் அதை நம்புவதில்லை.

பிளாக்கைத் திறந்தோம். தகட்டின் பிளவு ஓரத்தில் ஒரு விளிம்பு மட்டும் திறந்திருந்தது. துடுப்புகளுக்கு இடையே வெள்ளைக் களிம்பு. விரலில் தேய்த்தால் மெழுகு மாதிரி வழுக்கியது, நடுநடுவே நறநறப்பு.

களிம்பு எப்படி வந்தது

பாஸ்டல் கூலன்ட்டின் வெண்மை சாயம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் ஒரே வகை மின்னூட்டத்தால் மற்றதைத் தள்ளிக்கொண்டிருப்பதும், அதற்காகத் தயாரிப்பாளர் சேர்த்திருக்கும் பொருள்களும்தான். தண்ணீரில் உப்பு கரைந்தால் அந்தத் தள்ளல் பலவீனமாகும். சோடியத்தைவிடக் கால்சியம், மெக்னீசியம் போன்ற இரட்டை மின்னூட்டம் கொண்ட அயனிகள் பல மடங்கு வேகமாக இதைக் கெடுக்கும். எலுமிச்சைச் சாறு விட்டதும் பால் திரிகிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதி: மிதந்துகொண்டிருந்தவை தள்ளலை இழந்து ஒன்றுகூடிக் கட்டியாகின்றன.

உப்பு எங்கிருந்து வந்தது? எந்த லூப்பிலும் தண்ணீர் மட்டம் மெல்ல இறங்கும். டியூப் சுவர் வழியாகவே ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். தொட்டியில் மட்டம் குறைந்ததைக் கவனித்து அவ்வப்போது ஊற்றி வந்தது யார் என்று விசாரித்ததில், அலுவலகத்தில் எல்லா வேலையும் பார்க்கும் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தண்ணி கம்மியா இருந்துச்சு சார், கேன் தண்ணிதான் ஊத்துனேன். சுத்தமான தண்ணிதானே?" குடிக்கச் சுத்தம்தான். அதில் தப்பு எதுவும் இல்லை. கட்டிக்கொடுத்தவர்கள் எதை ஊற்ற வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கர் கூட ஒட்டிவிட்டுப் போகவில்லை. ஆனால் ருசிக்காகவும் உடலுக்காகவும் அதில் உப்புகள் இருக்கும். அங்கே இருந்த கேனில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்ததில் 90-ஐத் தாண்டியது. பெட்ரோல் பங்கில் வாங்கிய பேட்டரி வாட்டரில் ஒற்றை இலக்கம்.

ஸ்டுடியோவில் அதே கூலன்ட்டின் திறக்காத பாட்டில் ஒன்று மிச்சம் இருந்ததால் ஒரு சோதனை செய்ய முடிந்தது. இரண்டு கண்ணாடி டம்ளரில் பாதிப் பாதி கூலன்ட். ஒன்றில் கேன் தண்ணீர், மற்றதில் பேட்டரி வாட்டர். சில நாளில் கேன் தண்ணீர் டம்ளரின் அடியில் வெள்ளைப் படிவு, மேலே தெளிவு. மற்றது அப்படியே இருந்தது.

நறநறப்புக்கு இது விளக்கம். மெழுகு வழுவழுப்புக்கு வேறு ஆள். பிவிசி இயல்பிலேயே விறைப்பான பிளாஸ்டிக். அதை வளைகிற டியூபாக்குவது அதில் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெய். சூடான கூலன்ட் வருடக்கணக்கில் ஓடினால் அது கசிந்து தண்ணீரில் கலக்கும். டியூபின் உட்புறம் மங்கலாவது அதன் அடையாளம். 55 டிகிரித் தண்ணீரில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஓட்டம் குறைந்தால் சூடு கூடும், சூடு கூடினால் கசிவு கூடும், கசிவு கூடினால் ஓட்டம் இன்னும் குறையும். என் கணிப்பில் தொடங்கி வைத்தது கேன் தண்ணீர். ஒட்டவைத்துக் கெட்டியாக்கியது பிளாஸ்டிசைசர்.

மூன்றாவதாக ஒரு உதவியாளர் பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புகளில், ஒளிந்திருந்தார். பம்ப் இணைத்திருந்த ஹெட்டர் (மதர்போர்டு இணைப்பு) ஃபேனுக்கான வேக வளைவிலேயே விடப்பட்டிருந்தது: சிபியு சூடானால் வேகம், ஆறினால் குறைந்தபட்சம். ரெண்டர் இல்லாத வார இறுதிகளில் கணினி சும்மா ஓடிக்கொண்டிருக்கும்; பம்ப்பும் தூங்கி வழியும். துகள்கள் படிய இதைவிட வசதியான நேரம் கிடைக்காது. ஃபேனுக்கு வளைவு சரி. பம்ப்புக்கு ஒரே வேகம் வைத்துவிடுவதுதான் நல்லது.

சரிசெய்தது

பிளாக்கை வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான டூத்பிரஷ் கொண்டு துடுப்புகளின் திசையிலேயே தேய்த்தோம். மெழுகு சோப்பில் கரைந்தது. வினிகர் பரிந்துரைப்பவர்கள் உண்டு. நிக்கல் பூச்சு உள்ள பிளாக்கில் அமிலத்தை நான் விடுவதில்லை. அக்ரிலிக் மூடியில் ஆல்கஹால் படக்கூடாது, நுண்விரிசல் விழும். திறக்கும்போதே படம் எடுத்து வைத்தது தகட்டைச் சரியான பக்கம் திருப்பி வைக்க உதவியது. அது தலைகீழானால் பிளாக் அடைக்காது, ஆனால் சிபியு சில டிகிரி கூடுதலாகவே இருக்கும், காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கார்டு பிளாக்கிலும் மெல்லிய படலம் இருந்தது, அதையும் கழுவினோம். ரேடியேட்டர்கள்தான் நேரம் தின்றன. பாதி சூடான தண்ணீர் நிரப்பி, வாய்களை மூடிக் குலுக்கி ஊற்ற ஊற்ற வெள்ளைத் துணுக்கு வந்துகொண்டே இருந்தது. அடிப்பெட்டியில் தேங்கியிருந்தவை. பிளாக்கை மட்டும் சுத்தம் செய்து மூடியிருந்தால் இவை எல்லாம் புறப்பட்டு நேராக அந்தப் பிளவுக்குத்தான் வந்திருக்கும். கடைசியாக வெளிவந்த டிஸ்டில்டு வாட்டர் தெளிவாக இருந்த பிறகே விட்டோம்.

பழைய டியூபுக்குப் பதில் போட்டது கறுப்பு ஈபிடிஎம். ரப்பர் வகை, அதில் பிளாஸ்டிசைசர் தொல்லை ஏறக்குறைய இல்லை. புதுக் கூலன்ட் தெளிந்த ரகம், அரிப்புத் தடுப்பும் பாசி வராமல் தடுக்கும் மருந்தும் சேர்ந்தது. இங்கே தம்பிக்கு மனம் வரவில்லை. "வெள்ளை போச்சே அண்ணா" என்றார். கேஸுக்குள் வெள்ளை விளக்கு வைத்துச் சமாதானம் செய்தாயிற்று. புகைப்படத்துக்காகக் கட்டும் கணினியில் பாஸ்டல் ஊற்றலாம். வருடக்கணக்கில் ராத்திரி பகலாக ஓடும் கணினியில் ஊற்றக்கூடாது என்பது என் முடிவான கருத்து.

சிபியுவுக்குப் பின்னால் ஒரு ஓட்ட மீட்டர் சேர்த்தோம். சின்னச் சக்கரம் சுற்ற, அதன் துடிப்பை எண்ணும் வகை. பாஸ்டலில் போட்டிருந்தால் அந்தச் சக்கரமே முதலில் சிக்கியிருக்கும். நிரப்பும் முன் காற்றழுத்தம் கொடுத்து அழுத்தம் இறங்காததை உறுதிசெய்து, பிறகு கேஸை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காற்றை வெளியேற்றினோம்.

முழு வேகத்தில் மணிக்கு 250 லிட்டர் காட்டியது. பம்ப் இழுக்கும் மின்னோட்டம் 1.6 ஆம்பியருக்கு ஏறியிருந்தது. உண்மையில் வேலை செய்ய ஆரம்பித்ததால் ஏறியது. வேகத்தை முக்கால் பங்குக்கு இறக்கி அங்கேயே பூட்டினோம்: 190 லிட்டர், அறையில் சத்தமும் இல்லை. பம்ப் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஓட்டம் குறைவதும், அதைவிட வேகமாகச் சத்தம் அடங்குவதும் டி5 வைத்திருப்பவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய சலுகை.

மறுநாள் காலை தம்பியிடமிருந்து போன். "அண்ணா, தண்ணி முன்னாடி 33தான் காட்டுச்சு. இப்போ 38 காட்டுது. ஏதோ தப்பாயிடுச்சு போல." தப்பு எதுவும் இல்லை. ரேடியேட்டருக்குள் முன்பு 55-இல் நுழைந்து 33-இல் வெளியேறியது. இப்போது 40-இல் நுழைந்து 38-இல் வெளியேறுகிறது. குளிர்ந்த பக்கம் ஏறியிருக்கிறது, சூடான பக்கம் 15 டிகிரி இறங்கியிருக்கிறது. 490 வாட், 190 லிட்டர் என்று போட்டுப் பார்த்தால் வித்தியாசம் 2.2 டிகிரி வர வேண்டும், அதுவேதான் வந்திருந்தது. மின்செலவு 460-இலிருந்து 490 ஆனதற்கும் காரணம் இருக்கிறது. சிப்புகள் இப்போது தங்களை அடக்கிக்கொள்ளவில்லை. கார்டு 54, சிபியு 71.

ஒரு எண் மட்டும் மசியவில்லை. கார்டின் மெமரி 104 டிகிரி. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 வரை தாங்கும் என்பதால் வேகம் குறையவில்லை, ஆனாலும் கண்ணை உறுத்தியது. இதற்கும் தண்ணீர் ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. 3090-இன் 24 ஜிபி மெமரியில் பாதிச் சிப்புகள் போர்டின் பின்பக்கம் இருக்கின்றன. பிளாக் இருப்பது முன்பக்கம். பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது வெறும் அலுமினியத் தட்டு. அதன் மேல் காற்று படுமாறு ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனை நிறுத்தியதும் 92-க்கு இறங்கியது. ஆர்டர் போட்ட புதுப் பம்ப் வந்து சேர்ந்துவிட்டது. அதைப் பிரிக்காமல் ஸ்பேராக அலமாரியில் வைத்திருக்கிறார்கள். தொட்டி மூடியில் "பேட்டரி வாட்டர் மட்டும்" என்று அந்தப் பையனே எழுதி ஒட்டியிருக்கிறான். ஓட்டம் மணிக்கு 100 லிட்டருக்குக் கீழே போனால் போனுக்கு அலாரம் வரும்படி வைத்தாயிற்று.